தம்பியை அடித்தது போலீஸ், அரசு பொறுப்பாகுமா?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 24 வயது. மார்க்கெட்டில் லோடுமேன். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் பணம் காணாமல் போனதாகச் சொல்லி, ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கூட்டிப்போனார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் சீருடையில் இல்லை. இரண்டு ராத்திரி ஸ்டேஷனிலேயே வைத்திருந்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் 100க்கு போன் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் கையில் மாவுக்கட்டோடு அனுப்பினார்கள். கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டாக்டர் கேட்டபோது பக்கத்தில் போலீஸ்காரர் நின்றதால் தம்பியும் தலையாட்டிவிட்டான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எலும்பு உடைந்திருக்கிறது. இன்னும் மூட்டை தூக்க முடியவில்லை. பணத்தை எடுத்தது கடைக்காரரின் சொந்தக்காரப் பையன் என்று அப்புறம் தெரிந்தது. இப்போது எஸ்.ஐ. தரப்பிலிருந்து ஓர் ஆள் வந்து, 50,000 ரூபாய் தருகிறோம், வழுக்கி விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார். தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், "அரசாங்கத்தின் மேல் கேஸ் நிற்காது, அந்த எஸ்.ஐ. மேல்தான் போடலாம், வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். போலீஸ்காரர் செய்த குற்றத்துக்கு அரசாங்கம் பொறுப்பாகுமா? ஆகும் என்றால் நாங்கள் எங்கே போவது? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென் மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய தாளிலும் வேண்டாம், வெள்ளைத் தாளில் வேண்டவே வேண்டாம். வந்த ஆளோடு சண்டை போடவும் தேவையில்லை. "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுங்கள். அவர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யாரோடு வந்தார், என்ன தொகை சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழுக்கி விழுந்தவனுக்கு எதற்காக 50,000 ரூபாய் என்ற கேள்வி பின்னால் நமக்கு உதவும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரசு பொறுப்பாகும். குமாஸ்தா சொன்னதும் வெறும் பொய் இல்லை, அது பழைய சட்டம். அந்தப் பழைய சட்டத்தின் கதை தெரிந்தால், எதிர்த்தரப்பு என்ன பேசும் என்பதும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1947இல், நாடு பிரிந்த சமயம். அமிர்தசரஸைச் சேர்ந்த ஒரு நகை வியாபார நிறுவனத்தின் பங்குதாரர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டுக்குப் போனார். திருட்டு நகையாக இருக்குமோ என்று போலீஸ் அவரைப் பிடித்து, சரக்கைப் பறிமுதல் செய்து ஸ்டேஷனில் வைத்தது. மறுநாள் அவரை ஜாமீனில் விட்டார்கள். வெள்ளி திரும்பக் கிடைத்தது, தங்கம் கிடைக்கவில்லை. பொறுப்பில் இருந்த தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்கே போய்விட்டார். வியாபாரி உத்தரப் பிரதேச அரசின் மீது வழக்குப் போட்டார். கஸ்தூரி லால் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போலீஸ் கவனக்குறைவாக நடந்தது உண்மை, நடந்தது பணி நேரத்தில் என்பதும் உண்மை. ஆனால் கைது, சோதனை, பறிமுதல் எல்லாம் அரசின் இறையாண்மை அதிகாரத்தில் வருபவை, ஆகவே அரசு பணம் தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதில் நீதிபதிகளுக்கே திருப்தி இல்லை. நாடாளுமன்றம் இதற்கு ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். 1967இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகாமலே போனது. இன்றுவரை அப்படியொரு சட்டம் இல்லை.

'இறையாண்மை' என்ற அந்தத் தடுப்புச் சுவர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சமாச்சாரம். நம் அரசியலமைப்பின் 300ஆவது பிரிவு, அரசின் மீது வழக்குப் போடலாம் என்கிறது. எந்த அளவுக்கு என்று பார்த்தால், முன்பு இருந்த அளவுக்கு என்று பழைய சட்டங்களைக் கைகாட்டுகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனால் 1861ஆம் ஆண்டு கல்கத்தா வழக்கு ஒன்றில் போய் நிற்போம். கிதர்பூர் அரசுக் கப்பல் துறையின் ஆட்கள் தூக்கிப்போன இரும்பு, ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரைக்குக் காயம் உண்டாக்கியது. அரசு வியாபாரம் போன்ற வேலை செய்தால் பொறுப்பு உண்டு, அரசாட்சி செய்தால் இல்லை என்று அங்கே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் குதிரைக்கு நஷ்டஈடு கிடைத்தது. போலீஸிடம் அடி வாங்கிய மனிதர்களுக்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இந்தக் கோட்டை வைத்து அரசு வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். போலீஸ்காரர் கடமையைச் செய்தார் என்று நீங்கள் சொன்னால், "அது இறையாண்மைப் பணி, அரசுக்குப் பொறுப்பில்லை" என்பார்கள். சட்டத்தை மீறிக் குற்றம் செய்தார் என்று சொன்னால், "குற்றம் செய்யச் சொல்லி அரசு அவரை வேலைக்கு வைக்கவில்லை, அது அவருடைய சொந்தச் செயல்" என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அரசு தப்பித்துவிடும். குமாஸ்தா உங்களிடம் சொன்னது இதில் இரண்டாவது பாதி.

இதை உடைத்தது அடிப்படை உரிமை என்ற வேறொரு வழி. 1983இல் ருதுல் சா வழக்கு. பீகாரில் விடுதலையான பிறகும் ஒருவரை 14 வருடம் சிறையிலேயே வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அவரைத் துரத்தாமல், ரிட் மனுவிலேயே, அதாவது உரிமை மீறலுக்காக உச்ச நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நேராகப் போடும் மனுவிலேயே, அரசு பணம் கொடுக்க வேண்டும் என்றது. தொகை சிறியது, ஏற்கெனவே தந்த 5,000 போக 30,000 ரூபாய். ஆனால் வாசல் திறந்துவிட்டது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 1993இல் வந்த நீலாபதி பெஹரா தீர்ப்பு. அவர் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தாய். 22 வயது மகனை 1987 டிசம்பர் 1 அன்று போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தப்பி ஓடினான், ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். நம்மூர் கழிவறை வழுக்கலின் ஒடிசா பதிப்பு! அந்தத் தாய் வக்கீல் வைக்கவில்லை, உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். உடலில் இருந்த காயங்கள் ரயிலால் வந்தவை அல்ல என்பது மருத்துவச் சாட்சியத்தில் தெரிந்தது. 1,50,000 ரூபாய் தர உத்தரவாயிற்று. அதைவிடப் பெரியது அங்கே சொன்ன சட்டம். காவலில் இருப்பவரின் உயிருக்கும் உடலுக்கும் அரசே பொறுப்பு, அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறையாண்மை என்ற சாக்கு செல்லாது என்றது நீதிமன்றம். கஸ்தூரி லால் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் இந்த வழியில் அது குறுக்கே வராது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கு இதை இன்னும் உறுதியாக்கியது. கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற விதிகளும் அதில் வந்தவைதான். இப்போது அவற்றில் பெரும்பகுதி சட்டத்திலேயே ஏறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் அரசு, எஸ்.ஐ.க்கு ஜாமீன் போட்டவரைப் போல அவருக்குப் பதிலாக நிற்பதில்லை. உங்கள் தம்பியைத் தன் காவலில் எடுத்தது அரசு, முழுசாகத் திருப்பித் தராததும் அரசு. கடன் அரசின் சொந்தக் கடன். எஸ்.ஐ. தன் பையிலிருந்து கொடுக்கும் 50,000 ரூபாய் அந்தக் கடனை அடைக்காது. அது இன்னொரு வேலையைச் செய்யும். அதை அடுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு சின்ன விளக்கம். சீருடையில்லாமல் வந்த இருவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்டேஷனுக்குள் அரசின் காவலில் நடந்தது என்பது நிலைநாட்டப்பட்டால் போதும், அடித்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்பது பெரிய விஷயமில்லை. அதே சமயம், போலீஸ்காரர் எது செய்தாலும் அரசு பணம் தரும் என்றும் இல்லை. விடுமுறையில் இருக்கும் காவலர் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்தால், அது இரண்டு வீட்டுக்காரர்களின் வழக்குதான். பதவியும் அதிகாரமும் பயன்பட்டனவா என்பதை வைத்துத்தான் முடிவாகும்.

சரி, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அப்படியானால் ஏன் இத்தனை வழக்குகள் தோற்கின்றன? இன்று அரசு வக்கீல் கஸ்தூரி லாலை எடுத்து வாசிப்பது அபூர்வம். அவர் சொல்வது ஒரே வரி: "நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருக்கிறது." ஒன்று, அப்படி ஒருவர் எங்கள் காவலில் இருக்கவே இல்லை என்பார்கள். இல்லாவிட்டால், இருந்தார், வழுக்கி விழுந்தார் என்பார்கள். ரிட் மனுவில் சாட்சி கூண்டேற்றி விசாரிப்பது வழக்கமில்லை. 2006இல் சுபே சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமை மீறல் மறுக்க முடியாதபடி தெளிவாக இருக்க வேண்டும், சித்திரவதை என்றால் மருத்துவ அறிக்கையோ கண்ணுக்குத் தெரியும் காயமோ ஊனமோ அதற்குத் துணை நிற்க வேண்டும், அப்போதுதான் ரிட் மனுவில் இழப்பீடு என்று சொல்லியிருக்கிறது. ஆக, சண்டை இப்போது சட்டத்தில் இல்லை, சம்பவத்தில். உங்களிடம் கேட்கும் கையெழுத்து குறி வைப்பது அந்தச் சம்பவத்தைத்தான். உங்கள் குடும்பமே 'வழுக்கி விழுந்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அரசின் கடனுக்கு ஆதாரமே இல்லாமல் போகும். எஸ்.ஐ. 50,000 ரூபாய்க்கு வாங்கப் பார்ப்பது அதை.

இப்போது கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, உங்களுக்கு எதிராக இருப்பதுபோல் தெரிகிறது. மனம் தளர வேண்டாம். காயத்துக்கான காரணமாக அதில் எழுதியிருப்பது டாக்டர் கண்ட உண்மை இல்லை, அவரிடம் சொல்லப்பட்டது. அதைச் சொல்லும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை எந்த நீதிபதியும் கேட்பார். கூட்டி வந்தவர் பெயர் என்ற இடத்தில் காவலரின் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தம்பி அன்று காலை போலீஸ் கையில்தான் இருந்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொன்று, எலும்பு உடைந்த இடம். வழுக்கி விழுகிறவர் தரையில் கையை ஊன்றுவார். அப்போது பெரும்பாலும் உடைவது மணிக்கட்டை ஒட்டிய பகுதி. தலையில் விழும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்துகிறவருக்கு, முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்பு நடுவில் முறியும். எலும்பு டாக்டர்கள் அதை 'நைட்ஸ்டிக் ஃபிராக்சர்' என்பார்கள், போலீஸ் லத்தியை வைத்து வந்த பெயர். உங்கள் கடிதத்தில் நடுவில் உடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த எலும்பு, ஒன்றா இரண்டுமா என்று எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும். ஆகவே அந்த எக்ஸ்ரே படங்களைப் பத்திரமாக வையுங்கள். வேறோர் அரசு ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்குத் தம்பியைக் கூட்டிப்போய், இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நான்கு மாதம் கழித்துச் சொல்வது முதல் நாளே சொன்னதற்கு ஈடாகாதுதான், ஆனாலும் செய்யுங்கள். கை எந்த அளவுக்குப் பலம் இழந்திருக்கிறது என்று ஒரு சான்றும் வாங்குங்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு இழப்பீட்டுத் தொகை இந்தச் சான்றை வைத்துத்தான் கணக்காகும்.

அடித்ததை நிரூபிப்பதைவிட அடைத்து வைத்ததை நிரூபிப்பது லேசு. கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவே சொல்கிறது. இரண்டு ராத்திரி என்றால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. எஃப்.ஐ.ஆரில் தம்பி பெயரே இல்லாவிட்டால் இன்னும் மோசம், அவர்களுக்கு. நீங்கள் 100க்குப் பேசிய போன் இங்கேதான் பயன்படும். உங்கள் போனில் அந்த அழைப்பின் விவரம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், கட்டுப்பாட்டு அறையிலும் பதிவு இருக்கும். அம்மா இரண்டு நாளும் வாசலில் இருந்தார் என்றால் யாராவது அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சிசிடிவி பதிவுக்கு மட்டும் நேரம் கடத்தாதீர்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் லாக்கப் உள்பட கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும், வசதியே இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டது. காவலில் பலத்த காயம் என்ற புகார் வந்தால் மனித உரிமை ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் அந்தப் பதிவை உடனே கேட்டு வாங்கலாம் என்றும் சொன்னது. ஏட்டில் எல்லாம் சரி. அதே வருடம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? கேமரா பதிவுகளைச் சேமிக்கும் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஆகவே இன்றே மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் அந்த நிலைய ஆய்வாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். இன்ன தேதி இரவு முதல் இன்ன தேதி காலை வரையிலான பதிவுகளையும், ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பையும் அழிக்காமல் வைக்க வேண்டும் என்று இரண்டு வரி போதும். ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு பதிவு இல்லை என்று அவர்கள் சொன்னால், அதிலிருந்து அவர்களுக்கு எதிராக ஊகம் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிலையில் நான் மாநில மனித உரிமை ஆணையத்தில் தொடங்கச் சொல்வேன். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பலாம். முக்கியமாக, ஆணையம் சாட்சிகளை விசாரிக்கும், டாக்டரை வரவழைக்கும், எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சம்பவத்தில் தகராறு உள்ள வழக்குக்கு அதுதான் ஏற்ற இடம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும், உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆணையத்தின் பரிந்துரை வெறும் யோசனைதான், அரசு கேட்டால் கேட்கும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. உடன்பாடில்லாதவர்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம், அலமாரியில் தூக்கிப் போட முடியாது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் போடுவது அடுத்த வழி. சிசிடிவி பதிவு, ஏ.ஆர். காப்பியில் காவலர் எண், 100க்குப் பேசிய பதிவு இவை கையில் வந்துவிட்டால் அது பலமான மனுவாக இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது என்று சொல்லி ஆணையம் கையை எடுத்துவிடும். சிவில் வழக்கும் உண்டு. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு ஒரு வருடக் கெடு, அதற்கு முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ், கேட்கும் தொகைக்கு ஏற்ற கோர்ட் கட்டணம், அப்புறம் வருடக்கணக்கில் வாய்தா. முதலில் அங்கே போகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆணையம் கொடுத்த தொகை போதாது என்றால் அந்தக் கதவு அடைபடவில்லை, வாங்கியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்கலாம். கெடு மட்டும் நினைவில் இருக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று. உங்கள் குடும்பம் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், அடித்தவர்கள் அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதில் அரசு தர வேண்டிய நிவாரணம் தனி. இழப்பீட்டு வழக்கு முடியும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வக்கீலிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

குற்ற வழக்கு தனித் தண்டவாளம். அரசை ஜெயிலில் போட முடியாது, எஸ்.ஐ.யைப் போடலாம். வாக்குமூலம் வாங்கவோ, பொருளைத் திரும்பப் பெறவோ அடித்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டத்தின், 120ஆவது பிரிவு. எலும்பு முறிவு கொடுங்காயம், பத்து வருடம் வரை தண்டனை உண்டு. இரு தரப்பும் சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லை அது. "பேசி முடித்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது" என்று அந்த ஆள் சொன்னால், அதனால் அது தவறு. இதில் தடங்கல்களும் உண்டு. அரசு ஊழியர் மீது மாஜிஸ்திரேட்டிடம் போனால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மேலதிகாரியின் அறிக்கையும் அந்த ஊழியரின் தரப்பும் கேட்டுத்தான் விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். லாக்கப்பில் அடிப்பது அரசுப் பணியா என்று நாம் கேட்போம், அதற்கே சில வருடங்கள் ஓடலாம். எஸ்.ஐ.க்குத் தண்டனை கிடைத்தால்தான் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், யார் அடித்தது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். இழப்பீட்டுக்கு அது தேவையில்லை. காவலில் எடுத்தபோது நன்றாக இருந்தவன், வெளியே வரும்போது கை உடைந்து வந்தான் என்றால், எப்படி என்று விளக்க வேண்டியது அவர்கள்.

எவ்வளவு கிடைக்கும்? பொய்யான உளவு வழக்கில் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் கேரள அரசு 50 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்திருப்பீர்கள். அதை அளவுகோலாக வைக்காதீர்கள். எலும்பு முறிவு வழக்குகளில் சில லட்சங்களுக்குள்தான் வரும். நிரந்தரக் குறைபாடு நிரூபணமானால் கூடும்.

அந்தப் பணம் யாருடையது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கஜானாவிலிருந்து கொடுத்துவிட்டு அரசு அத்தோடு விட்டுவிட்டால், அடித்தவருக்கு அதில் ஒரு ரூபாய் வலியும் இல்லை. தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி கிராமமான வாச்சாத்தியில் 1992இல் வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் சேர்ந்து செய்ததற்கு, 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது. 31 வருடம் கழித்து வந்த உத்தரவுதான், ஆனாலும் பங்கு பிரித்தது சரியான பங்கு. மனித உரிமை ஆணையமும் பல உத்தரவுகளில், அரசு முதலில் கொடுத்துவிட்டு அலுவலரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் புகாரிலும் அப்படியே கேளுங்கள். அரசு உங்களுக்கு உடனே தர வேண்டும், வசூல் அரசுக்கும் எஸ்.ஐ.க்கும் நடுவில் உள்ள கணக்கு. வசூலாகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே ஊரில்தான் இருக்க வேண்டும், அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் தம்பி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அவன் மீது வேறு வழக்குப் போடுவார்கள் என்று பயம் இருந்தால், அதையும் ஆணையத்துக்கு அனுப்பும் புகாரிலேயே ஒரு பத்தியாக எழுதுங்கள். எஸ்.ஐ.யின் ஆள் வீட்டுக்கு வந்த தேதிகளையும் அதில் சேருங்கள். எழுத்தில் இருக்கும் ஆளைத் தொடுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். தம்பியைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் எழுத்துமூல அழைப்பாணை கேளுங்கள், அவன் தனியாகப் போக வேண்டாம்.

வக்கீல் செலவுக்குத் தயங்காதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். இலவச வக்கீல் கேட்க பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அதனால் விண்ணப்பம் உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கட்டும். போகும்போது ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, 100க்குப் பேசிய விவரம், பதிவுத் தபால் ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், இலவச வக்கீலானாலும் சரி, காசு வாங்கும் வக்கீலானாலும் சரி.